தனியார் தொழிலுக்கு ஒரு மன்றம்: சில குறிப்புகள்

பம்பாயில் 1956-இல் ஏ.டி. ஷ்ராஃப் தொடங்கிய ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கட்சி சார்பில்லாத, லாப நோக்கில்லாத அமைப்பு. தனியார் தொழில் ஏன் வேண்டும் என்பதைக் கூட்டங்கள் வழியாகவும் சின்னச் சின்னப் பிரசுரங்கள் வழியாகவும் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை.

காலத்தைப் பாருங்கள். அந்த வருட ஜனவரியில்தான் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அதே வருடம்தான். அப்போது எதிர்த்துப் பேசத் துணிச்சல் வேண்டும். 1958-இல் ஒரு ஹோட்டல் அரங்கில் நானி பல்கிவாலா தொடங்கிய பட்ஜெட் உரை, பிற்பாடு பிரபோர்ன் ஸ்டேடியத்தையே நிரப்பியது. 1973-74-இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம்! நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிச்சம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

ஆனாலும் எனக்கு ஒன்று இடறுகிறது. மக்கள் நினைவில் மன்றத்தின் முகமாக நின்றது பட்ஜெட் உரைதான். பட்ஜெட் என்றால் முதலில் வருவது வரி கட்டுகிறவனின் வருத்தம். லைசென்ஸ் கிடைக்காததால் தொழிலே தொடங்க முடியாமல் போனவன்? அவனுக்கு வருமானமே இல்லை, வரி எங்கே கட்டுவது? அந்தக் கணக்கில் அவன் வரவே மாட்டான்.

1967-இல் ஆர்.கே. ஹஸாரி தந்த அறிக்கை இங்கே முக்கியம். பெரிய தொழில் குடும்பங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், ஏகப்பட்ட லைசென்ஸ்களை வாங்கி மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்ததை அது காட்டியது. ஆக, லைசென்ஸ் முதலாளிக்கு விலங்கு மட்டுமில்லை, வேலியும்கூட. வேலி பிரிக்கப்பட்டதும் என்ன ஆச்சு? 1993-இல் ‘பாம்பே கிளப்’ என்று பெயர் வாங்கிய தொழிலதிபர்கள், வெளிநாட்டுப் போட்டிக்கு முன்னால் தங்களுக்குச் சம தளம் வேண்டுமென்று அரசிடம் போனார்கள்.

இதற்கு மன்றத்தைப் பழி சொல்ல முடியாது. ஆனால் தனியார் தொழிலைப் படிப்பதும் தொழிலதிபர்களுக்காகப் பேசுவதும் ஒன்றில்லை. முதலாவதில் போட்டிக்கு வரப்போகிற, இன்னும் பெயரே இல்லாத ஆளுக்கும் ஒரு நாற்காலி போடணும். இப்படி ஒரு அமைப்பைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த நாற்காலியைத்தான்.