மகாகஸ்தோட்டைக்கு எந்தப் புகைக்குழாய்?

ஒரு தொன்னுக்குள் எடை, நான்கு சிலிண்டர், டர்போ இல்லை. வாரநாட்களில் கலேவெலயில் ஏ6 வீதியில் ஓடும். ஏப்ரலில் நுவரெலியா போய் மகாகஸ்தோட்டை மலையேற்றத்தில் நேரம் பதிக்கும். இப்படி ஒரு காரை முன்வைத்தே புகைக்குழாய் அமைப்பை எடைபோட வேண்டும். பயன்பாட்டை வரையறுக்காத ஒப்பீடு ரசனைப் பேச்சோடு நின்றுவிடும்.

நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் 4-1 அமைப்பின் புகழ் உயர் சுழற்சியில் நியாயமானது. எடை குறைவு, வெல்டிங்கும் குறைவு. ஆனால் 1934 முதல் அறியப்பட்ட மகாகஸ்தோட்டை ஏற்றம், எஞ்சினை உச்சத்திலேயே வைத்திருக்க விடாது. வளைவை விட்டு வெளியேறும் கணத்தில் வேண்டியது நடுச்சுழற்சியின் இழுவை. போதாக்குறைக்கு, நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

நான்கு குழாய்கள் முதலில் இரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் கூடும் 4-2-1 அமைப்பின் தர்க்கம் இன்னும் கச்சிதமானது. 1-3-4-2 என்ற எரிவரிசையில் 180 பாகைக்கு ஒரு சிலிண்டர் எரிகிறது. வெளியேற்று வால்வோ அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கிறது. எனவே நான்கும் ஒரே இடத்தில் கூடினால் அடுத்த சிலிண்டரின் அழுத்த அலை பின்னோக்கிப் புகுந்து பழைய புகையை உள்ளேயே தேக்குகிறது. 1-ஐ 4-உடனும் 2-ஐ 3-உடனும் இணைத்தால் இடைவெளி 360 பாகையாகிறது. 2012-இல் சிஎக்ஸ்-5 காரில் மஸ்டா இந்த வழியையே நீண்ட குழாய்களோடு கையாண்டது. மீந்த புகை குறைந்ததால் அமுக்க விகிதத்தை உயர்த்த முடிந்தது. முறையாகச் சிந்தித்த வேலை. நீண்ட குழாயில் புகை ஆறிவிடும், குளிர்ந்த எஞ்சினில் வினையூக்கி தாமதமாகச் சூடேறும் என்ற குறையையும் அவர்கள் மறைக்கவில்லை. எரியூட்டலைத் தாமதப்படுத்திச் சரிக்கட்டினார்கள். அந்தப் பரிகாரம் இருப்பது எஞ்சினின் கணினியில். குழாயை மட்டும் பிரதி செய்பவருக்குக் குறை முழுதாகவும் நிறை பாதியாகவும் கிடைக்கும்.

லோட்டஸ் செவன் வகைக் கார்களில் காணும் பக்கவாட்டு வெளியேற்றம் எடைக்கும் தரை உயரத்துக்கும் உகந்தது. இங்கே அதை இடப்புறம் வைத்தால் சூடும் சத்தமும் கடைத்தெருவில் நடப்பவர் மீது பாயும். வலப்புறம் வைத்தால் ஏறி இறங்கும் சாரதியின் காலைச் சுடும். போட்டிக் காருக்குப் பொறுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் போக வேண்டிய காருக்கு வினையூக்கியும் சைலன்சரும் வேண்டும். அவற்றுக்கு அந்தக் குட்டைப் பாதையில் இடம் போதாது.

என் தீர்ப்பு 4-2-1, ஒற்றைக் குழாய், பின்புறம் ஒரே சைலன்சர். இரட்டை வால்முனை இந்த அளவு எஞ்சினுக்கு அலங்காரம். அதுவும் பின்னச்சுக்கு அப்பால் சேரும் வீண் பாரம். ஆனால் கராஜில் உள்தாங்கி இல்லாமல் வளைத்த குழாயின் உட்புறம் நசுங்கி, குறுக்குப் பரப்பு குறைந்திருந்தால் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீண். அப்படியான கராஜ்தான் வாய்க்கும் என்றால், நேர்த்தியாக வார்த்த கம்பனி மெனிபோல்டையே வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டும் மாற்றுவது மேல்.