ஆட்டைக் கொடுத்தவரும் நெய்யை அளந்தவரும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய திருமாகறலீசர் கோயில் இங்கேதான். இந்தப் பக்கத்துப் பழங்கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பாலும் தானக் கணக்குதான். யார் என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற கணக்கு.

நந்தாவிளக்குத் தானத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு விளக்கு அணையாமல் எரிய 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு கொடுப்பார்கள். ஆடுகள் இடையர் பொறுப்புக்குப் போகும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எவ்வளவு, யார் பொறுப்பு, எத்தனை காலம் என்பதெல்லாம் கல்லில் இருக்கும். கொடுத்த கையோடு விட்டுவிடாமல், பராமரிப்புக்கும் சேர்த்தே வழி செய்த இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமல் இருக்குமா? குட்டி போட்டு மந்தை நிரவிக்கொள்ளும் என்பது கணக்கு. நோய் வந்த வருஷத்திலும் நெய் அளந்தே தீர வேண்டும். அந்த நஷ்டம் இடையர் தலையில். அறத்தின் பாரத்தைச் சுமந்தவர் அதன் நிபந்தனையை எழுதியவர் அல்ல.

பச்சையப்ப முதலியார் கதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1794இல் இறந்த அவர், கோயில் திருப்பணிக்கும் தருமத்துக்கும் சொத்தை எழுதிவைத்தார். வழக்கு, இழுபறி எல்லாம் கடந்து, மிஞ்சிய பணத்தில் 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையான அண்ணா, பச்சையப்பன் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர். ஒரு தருமம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் 1947 வரை அந்தக் கல்லூரியில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். அறம் செய்கிற வாசலிலேயே எத்தனை பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள்!

இன்று தானம் சட்டமாகவே வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கிற மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. கழிவறை, வகுப்பறை, கணினி எல்லாம் வந்திருக்கின்றன.

சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை. நன்கொடையாக வந்த ஆர்.ஓ. இயந்திரம் சாக்கு போர்த்தி நின்றது. பிள்ளைகள் பக்கத்துக் குழாயில் குடித்துக்கொண்டிருந்தார்கள். "ஃபில்டர் மாத்தணுமாம் சார், யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல" என்றார் சத்துணவு அம்மா. என்ன தேவை என்று முதலிலேயே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். யோசிக்கவே இல்லை அவர்: "கக்கூஸ் கழுவ ஒரு ஆளு. மாசச் சம்பளத்துக்கு."

கேட்பதற்கு இடமில்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நிறுவனம் பணம் ஒதுக்கும் முன் அந்தக் குழுவின் தீர்மானத்தை வாங்கட்டும். மூன்று வருஷப் பராமரிப்பையும் சேர்த்து ஒதுக்கட்டும். கூட்டம் பகல் பதினொரு மணிக்கு என்றால் நடவுக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். சாயங்காலம் ஏழு மணிக்கு வையுங்கள், வருவார்.