வாளைமீனும் வாயடைத்த கோபமும்

நற்றிணை 120, மாங்குடி கிழாரின் மருதப்பாட்டு. ஊடியிருக்கும் தலைவி அட்டிலில் வாளைமீன் அரிந்து சமைக்கிறாள். கண்ணில் புகை, நெற்றி வியர்வையை முந்தானையால் துடைக்கிறாள். தலைவனோ விருந்தாளி வரட்டும் என்கிறான். ஆள் இருந்தால் கோபிக்கமாட்டாள், சிரித்த முகம் காட்டுவாள்! இதை விருந்தோம்பலின் பெருமை என்றே வகுப்புகளில் நடத்துகிறார்கள். எனக்கு இது ஊடலை அடைக்கும் தந்திரமாகத்தான் படுகிறது.

தஞ்சாவூரில் என் வீட்டில் முள் நீக்கிய மீன்துண்டில் மஞ்சள், மிளகு, எண்ணெய் தடவி 200 டிகிரி ஓவனில் வைத்தால் 15 நிமிடம். புகை இல்லை, வாசலில் நிற்கும் விருந்துக்கு முகம் மாற்றும் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. 'சுலபச் சமையல்' என்பவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கிழாரின் பாட்டு முழுக்க அவன் பேச்சு. அவள் ஒரு சொல்லும் பேசவில்லை.