ஆமை ஓடு திருத்திய விடைத்தாள்

ஒரு புத்தகத்தை எழுதி முடிக்க ஆசிரியர் எதையெல்லாம் இழக்கலாம்? தூக்கம் போகும். கண் பார்வை கொஞ்சம் போகும். நண்பர்கள் போவார்கள். ஸிமா சியான் என்கிற சீன வரலாற்றாசிரியர் இழந்தது இந்தப் பட்டியலில் அடங்காது.

கி.மு. 99. லீ லிங் என்ற தளபதி வடக்கே ஸியோங்னு குதிரைப்படையிடம் தோற்றுச் சரணடைந்துவிட்டான். ஹான் பேரரசர் ஊ கொதித்துப் போனார். சபையில் எல்லோரும் லீ லிங்கைத் திட்ட, ஸிமா சியான் மட்டும் அவனுக்குப் பரிந்து பேசிவிட்டார். கிடைத்தது மரண தண்டனை. பணம் கட்டித் தப்பிக்கலாம், ஆனால் அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. இன்னொரு வழி, ஆண்மை நீக்கம். அந்தக் காலத்து கௌரவஸ்தர்கள் அந்த அவமானத்தைவிடச் சாவே மேல் என்று போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஸிமா சியான் அவமானத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தைப் பிற்பாடு ரென் அன் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். புத்தகம் பாதியில் இருந்தது. அவ்வளவுதான்.

கி.மு. 110-ல் அப்பா ஸிமா டான் சாகும்போது, தான் ஆரம்பித்த வேலையை முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலைதான் 'ஷிஜி'. 130 அத்தியாயம், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சீன எழுத்துக்கள். புராண காலத்து ஐந்து பேரரசர்களில் தொடங்கி, ஸியா, ஷாங், ஜோ என்று மூன்று ஆதி வம்சங்களைக் கடந்து, தன் சொந்தக் காலம்வரை எழுதிவிட்டார். மூங்கில் பட்டைகளில்.

பழங்காலப் பகுதி மட்டும் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் நீன்ஹவுசர் குழுவின் மொழிபெயர்ப்பில் முதல் தொகுதி (1994) இருக்கிறது. அடிக்குறிப்புகள் சில பக்கங்களில் மூலத்தையே ஓரம் கட்டிவிடும். பொறுமை இருந்தால் படிக்கலாம். படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். இந்த மனிதரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மற்ற சரித்திரப் புத்தகங்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் அபிப்பிராயமாகத்தான் வரும். ஷிஜிக்கு ஓர் அதிர்ஷ்டம். அதற்கு விடைத்தாள் கிடைத்திருக்கிறது. மண்ணுக்கு அடியில்.

19-ம் நூற்றாண்டுக் கடைசியில் சீன மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று ஒரு சரக்கு விற்றார்கள். பொடி செய்து சாப்பிட்டால் பல வியாதிகளுக்கு நல்லதாம். 1899-ல் வாங் யிரோங் என்ற அறிஞர் அந்த எலும்புகளில் கீறல்கள் இருப்பதையும், அவை எழுத்துக்கள் என்பதையும் கண்டுகொண்டார். அடுத்த வருஷமே, அந்நியப் படைகள் பீகிங்கில் நுழைந்தபோது, கிணற்றில் குதித்து இறந்துபோனார். 1908-ல் லுவோ ஜென்யூ, எலும்புகள் வரும் இடம் அன்யாங் பக்கத்தில் ஷியாவ்துன் கிராமம் என்று கண்டுபிடித்தார். ஷாங் வம்சத்தின் கடைசித் தலைநகரம் அது.

எலும்பு என்றால் மாட்டின் தோள்பட்டை எலும்பு, ஆமையின் வயிற்றுப் பக்கத்து ஓடு. பின்பக்கம் சிறு குழி தோண்டி, அதில் சூடு வைத்தால் முன்பக்கம் 'டப்' என்று விரிசல் விடும். விரிசலைப் பார்த்து ராஜா குறி சொல்வார். மழை வருமா? படை அனுப்பலாமா? பல்வலிக்கு எந்த முன்னோர் காரணம்? கேள்வியைப் பக்கத்திலேயே செதுக்கி வைத்தார்கள். சில சமயம், குறி பலித்ததா என்பதையும். சுமார் ஒன்றரை லட்சம் துண்டுகள் இதுவரை கிடைத்திருக்கின்றன. 1936-ல் ஒரே ஒரு குழியில் மட்டும் 17,000-க்கு மேல்.

இனி விடைத்தாள் திருத்தம். 1917-ல் வாங் குவோவெய் என்ற மேதை, இரண்டு வெவ்வேறு சேகரிப்புகளில் இருந்த எலும்புத் துண்டுகளைப் பார்த்து, இவை ஒரே எலும்பின் இரண்டு பாதி என்று கண்டுபிடித்துப் பொருத்தினார். அதில் ஷாங் மன்னர்களின் முன்னோர் வரிசை இருந்தது. ஷிஜியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய அப்படியே! ஷிஜி 'பாவ் டிங், பாவ் யி, பாவ் பிங்' என்கிறது. எலும்பில் 'பாவ் யி, பாவ் பிங், பாவ் டிங்'. இப்படிச் சின்னச் சின்னப் பிசகுகள்தான்.

யோசித்துப் பாருங்கள். ஷாங் வீழ்ந்து ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து எழுதுகிறார். எலும்புகள் புதைந்து கிடக்கின்றன, அவர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் முப்பது சொச்சம் மன்னர்களின் பெயர்கள் அநேகமாகச் சரி. இது அசாத்தியம். 1920-களில் கு ஜியேகாங் போன்ற இளம் அறிஞர்கள், பழைய பேரரசர்கள் எல்லாம் பிற்காலக் கற்பனை, காலம் போகப் போகத்தான் பழமை கூடுகிறது என்று வாதாடினார்கள். ஐந்து பேரரசர்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இன்றும் நிற்கிறது. ஷாங் விஷயத்தில் எலும்பு, ஸிமா சியான் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

பெயர்ப் பட்டியலுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. பட்டியலைத் தாண்டினால்தான் சிக்கல்.

கி.மு. 1250 வாக்கில் ஆண்ட ஊ டிங்கை எடுத்துக்கொள்வோம். எலும்புகளில் அதிகம் பேசப்படுகிற ராஜா. ஷிஜியில் அவரைப் பற்றி முக்கியமாக வருவது இரண்டு கதைகள். கனவில் ஒரு மகானைக் கண்டு, தேடிப் பார்த்தால் அவர் கைதிகளோடு வேலை செய்துகொண்டிருக்க, அவரையே மந்திரியாக்கினார். இன்னொன்று, பூஜைப் பாத்திரத்தின் காதில் ஒரு காட்டுக்கோழி வந்து உட்கார்ந்து கத்தியது. இரண்டும் நீதிக்கதைகள்.

எலும்பில் இருக்கும் ஊ டிங்குக்கு ஃபூ ஹாவ் என்று ஒரு மனைவி. 13,000 பேர் கொண்ட படையை நடத்தியவள். அவள் கர்ப்பமாக இருந்தபோது எந்த நாளில் பெற்றால் நல்லது என்று ராஜா குறி பார்த்திருக்கிறார். 31 நாள் கழித்து முடிவையும் செதுக்கியிருக்கிறார்கள்: நல்லதாக இல்லை, பெண் பிள்ளை. படை நடத்தியவளுக்கே இந்தக் கதி. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு சமூகத்தின் முகம் இந்த ஒரு வரியில் தெரிகிற அளவுக்கு ஷிஜியின் ஷாங் அத்தியாயம் முழுவதிலும் எனக்குத் தெரியவில்லை.

1976-ல் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் ஃபூ ஹாவின் கல்லறையைத் தோண்டினார். கொள்ளை போகாத கல்லறை. 468 வெண்கலப் பொருட்கள், 755 பச்சைக்கல் பொருட்கள், 6,900 சொச்சம் சோழிகள், போர்க் கோடரிகள். கூடவே பலியிடப்பட்ட 16 மனிதர்கள். ஷிஜியில் ஃபூ ஹாவ் பெயரே கிடையாது.

பலி விஷயத்திலும் அப்படித்தான். அன்யாங் அரச கல்லறைப் பகுதியில் பலிக் குழிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்திருக்கிறார்கள். பல தலையில்லாதவை. சியாங் என்ற மேற்கத்தி மக்களைப் பிடித்து வந்து முன்னோர்களுக்குக் கொடுத்ததை எலும்புகள் கணக்கப்பிள்ளை பாணியில் எழுதி வைத்திருக்கின்றன. இத்தனை பேர், இந்த முன்னோருக்கு, இந்த நாளில். ஷிஜியைப் படித்தால், ஷாங் ராஜ்யம் இப்படி ஓர் அஸ்திவாரத்தின்மேல் நின்றது என்று ஊகிக்கவே முடியாது. அங்கே கொடுமை முழுவதும் கடைசி ராஜா ஒருவன் தலையில். மதுக் குளம் வெட்டினான், மாமிசத் துண்டுகளை மரம் மரமாகத் தொங்கவிட்டான், சித்திரவதை செய்தான், வானம் கைவிட்டது, ஜோ வம்சம் வந்தது. ஜெயித்தவன் சொன்ன கதை இது. கடைசிக்கால எலும்புகளைப் பார்த்தால், முன்னோர் பூஜையை அட்டவணை போட்டு முறை தவறாமல் செய்த அரண்மனைதான் தெரிகிறது.

இன்னொரு குறை. ஷிஜியில் ஆதி சீனா ஒற்றை நதி. மஞ்சள் ஆற்றங்கரை, ஒரு குடும்பம், ஒரு வரிசை. ஸிச்சுவானில் ஸான்ஸிங்துய் என்ற இடத்தில் 1986-ல் துருத்திய கண்களோடு வெண்கல முகங்களும், நாலு மீட்டருக்குச் சற்றே குறைந்த வெண்கல மரமும் கிடைத்தன. ஷாங் காலத்து நாகரிகம்தான், ஆனால் சாயலே வேறு. இன்னும் பழசாக, ஹாங்ஜோ அருகே லியாங்ஜு மக்கள் சுமார் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே அணை கட்டியிருக்கிறார்கள். ஷிஜியின் வரிசையில் இவர்களுக்கு இடமில்லை. ஆதி சீனா பல ஊற்றுக்கள் சேர்ந்த குளம் என்பதுதான் இப்போதைய படம்.

இத்தனை குறை சொல்லிவிட்டு, அவரை மன்னிக்க வைக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ஷிஜியில் பத்து அத்தியாயங்கள் கால அட்டவணைகள். வருஷவாரியான கணக்கு கி.மு. 841-ல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தலைமுறைகள் மட்டும், வருஷம் கிடையாது. அவர் கையில் வருஷம் போட்ட பழைய சுவடிகள் இல்லாமல் இல்லை. இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் போடவில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார்.

அவர் விட்ட கட்டத்தை 1996-ல் சீன அரசு நிரப்ப ஆரம்பித்தது. சுமார் 200 நிபுணர்கள், கார்பன் கணிப்பு, வானவியல், கல்வெட்டு என்று பெரிய திட்டம். 2000-ல் முடிவு: ஸியா கி.மு. 2070, ஷாங் 1600, ஜோ 1046. 1046-க்குப் போட்டியாக நாற்பதுக்கும் மேற்பட்ட யோசனைகள் இருந்தன. வேலையில் நல்ல விஞ்ஞானம் நிறைய. ஆனால் 2003-ல் ஷான்ஸியில் ஒரு விவசாய கிராமத்தில் தோண்டி எடுத்த வெண்கலப் பாத்திரங்களில் இருந்த தேதிகள் திட்டத்தின் கணக்கோடு சரியாகப் பொருந்தவில்லை. அதே குவியலில் ஒரு தட்டு, ஜோ மன்னர்களின் வரிசையில் ஸிமா சியான் சொன்னது சரி என்றது. இது எப்படி இருக்கு! விரிவான அறிக்கை வெளிவந்ததோ 2022-ல்.

ஷாங் சரியாக இருந்தது, ஆகவே ஸியாவும் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எர்லிடோவில் அரண்மனை இருக்கிறது, சாலை இருக்கிறது, வெண்கலப் பட்டறை இருக்கிறது. 'நாங்கள்தான் ஸியா' என்று சொல்லும் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரு தேசத்துக்குத் தன் வயதைக் கூட்டிச் சொல்ல ஆசை இருப்பது புரிகிறது. அந்த ஆசையைத் தீர்க்க ஸிமா சியானையே சாட்சிக்கு இழுப்பதுதான் உறுத்துகிறது.

அவர் இருந்ததும் அரசாங்க உத்தியோகம்தான். சபையில் ஒரு வாக்கியம் பேசியதற்கு என்ன விலை என்று அவர் உடம்புக்குத் தெரியும். ராஜாவைக் குளிரவைக்க அட்டவணையில் நாலு எண்களை நிரப்புவது அவருக்கு ஒரு நாள் வேலை.

காலியாக விட்டார். ஷிஜியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதான்.