நெரிசல் வேளை யாருடைய கணக்கு?

மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் லாரி புனேயின் தெற்கு விளிம்பைக் கடந்து சோலாப்பூர் சாலையைப் பிடிக்க வேண்டுமானால், அதற்குக் கிடைக்கும் குறுக்குவழி கோந்த்வா. காத்ரஜில் இறங்கி, கடி மெஷின் சௌக்கைத் தாண்டி, பிசோலி, உண்ட்ரி, மந்தர்வாடி என்று போய்விடலாம். அடுக்குமாடிகளின் காவலாளி, வீடு வீடாகப் பால் பாக்கெட் போடுபவர், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், பள்ளிப் பிள்ளைகள் என்று சைக்கிளில் போகும் எல்லாருக்கும் அதே சாலைதான். பத்துச் சக்கர லாரியும் சைக்கிளும் உரசிக்கொண்டால் தவறு யாருடையதாக இருந்தாலும் உயிர் போவது ஒரு பக்கம்தான்.

இதற்கு நம் நகரங்கள் கண்டிருக்கும் மருந்து நேரத்தடை: காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுந்த மணிகளில் கனரக வாகனங்கள் ஊருக்குள் வரக்கூடாது. புனேயிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. இந்தத் தடை தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்றைய வடிவில் அது காருக்கு வழிவிடும் அளவுக்குச் சைக்கிளைக் காப்பதில்லை.

தடை எப்படிப் பிறக்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 115ஆம் பிரிவு, குறிப்பிட்ட வகை வாகனங்களைக் குறிப்பிட்ட சாலையில் தடுக்க அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அமைப்புகளுக்கும் உரிமை தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. உள்ளூரில் தெரிவித்தால் போதும். இந்த வசதி நல்லதுதான். விபத்து நடந்த மறுநாளே காவல்துறை செயல்பட முடிகிறது. ஆனால் அதனாலேயே தடை என்பது விபத்துக்குப் பின் வரும் அவசரச் சிகிச்சையாகவும் ஆகிவிட்டது.

2025 ஜூன் மாதம் கோந்த்வாவுக்கும் மார்க்கெட் யார்டுக்கும் நடுவில் உள்ள கங்காதாம் சௌக்கில் லாரி மோதி, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் இறந்தார். அதன் பிறகு அந்தச் சந்திப்புக்கு வரும் சாலைகளில் கனரக வாகனக் கட்டுப்பாடு இறுக்கப்பட்டது. அதே மாதம் சென்னை பெரம்பூரில் தாயுடன் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தாள். அங்கேயும் பள்ளி நேரத் தடை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. இரண்டு ஊரிலும் சாவு முன்னே வந்தது, விதி பின்னே வந்தது.

தடையின் பலம்

லாரி ஓட்டுநரின் இருக்கை வலப்பக்கம், உயரத்தில். இடப்பக்கக் கதவுக்குக் கீழே, முன்சக்கரத்தை ஒட்டி நிற்கும் சைக்கிள்காரர் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். சிக்னலில் லாரி நிற்கிறது. ஓரமாக இடம் இருக்கிறதே என்று சைக்கிள் நுழைகிறது. பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாக, சாலை ஓரத்தை நோக்கி வெட்டிக்கொண்டு வருகின்றன. முன்சக்கரம் தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று நினைக்கும் நொடியில் பின்சக்கரம் வந்து சேர்கிறது. கோந்த்வா சாலைகளின் ஓரத்தில் டம்பர்கள் சிந்திய ஜல்லியும் மணலும் வேறு. பிரேக் பிடித்தால் சைக்கிள் சறுக்கும். விலகிப் போகவும் இடமிருக்காது.

முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். இடப்பக்கக் கதவில் தலையை நீட்டி, தகரத்தைத் தட்டி, ஓட்டுநருக்குக் கண்ணாக இருப்பார். செலவைக் குறைக்கிறோம் என்று பல வண்டிகளில் அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணுக்கு மாற்றாகக் கேமராவோ உணர்கருவியோ எல்லா வண்டிகளிலும் வரவில்லை.

இப்படிப்பட்ட வண்டியையும் சைக்கிளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்கவிடாமல் செய்வதுதான் நேரத்தடையின் அடிப்படைத் தர்க்கம். அது வலுவான தர்க்கம். ஓட்டுநரின் கவனம், சைக்கிள்காரரின் பயிற்சி, தலைக்கவசம் எதையும் நம்பி நிற்காமல் ஆபத்தையே அது அகற்றுகிறது. பெரிய செலவும் இல்லை. புதிய சாலை போட ஆண்டுகள் ஆகும். அறிவிப்புப் பலகை நட ஒரு நாள் போதும்.

காத்ரஜ்–கோந்த்வா சாலையே இதற்குச் சாட்சி. சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையை 84 மீட்டர் அகலத்துக்கு விரிக்கும் பணி 2018இல் தொடங்கியது. நிலம் கையகப்படுத்த முடியாமல் அகலம் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. சாலை விரியும் வரை உயிர் காத்திருக்க முடியாது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் பாதசாரிகள். சைக்கிள்காரர்களும் இந்தக் கவசமற்ற கூட்டத்தில்தான் சேர்கிறார்கள். சைக்கிளுக்காகப் போடும் தடை ஸ்கூட்டரையும் நடப்பவரையும் சேர்த்தே காக்கும்.

எங்கே கோளாறு

முதல் கோளாறு கடிகாரத்தில். நெரிசல் வேளை என்று நாம் சொல்வது அலுவலகக் கார்கள் தேங்கும் வேளையை. கோந்த்வாவில் பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிப்பவர்களின் வேளை வேறு. இரவுக் காவலாளி பணி மாறுவது விடியற்காலையில். பால், நாளிதழ் போடுபவர்கள் ஐந்து மணிக்கே சாலையில் இருப்பார்கள். உணவகத் தொழிலாளி வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். தடை முடிந்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும் நேரமும் அதுதான். இருட்டு, தெருவிளக்கு இல்லாத துண்டுகள், காலியான சாலை தரும் வேகம், தூங்காத ஓட்டுநர் எல்லாம் ஒன்றுகூடும் வேளையில் இவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நெரிசலில் ஊர்ந்து போகும் லாரியைவிடக் காலிச் சாலையில் பறக்கும் லாரி கொடியது. 2024 டிசம்பரில் புனேயின் வாகோலியில் நள்ளிரவு கடந்த நேரத்தில் ஒரு டம்பர் நடைபாதையில் ஏறி, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உட்பட மூவரைக் கொன்றது. ஓட்டுநர் குடித்திருந்தார் என்பது உண்மை. ஆனால் ஆபத்தைப் பகலிலிருந்து இரவுக்குத் தள்ளினால் அது யார் தலையில் விழும் என்பதையும் அந்த இரவு காட்டியது.

இரண்டாவது, தடையின் விளிம்பு. தடை முடியும் வரை லாரிகள் எங்கே நிற்கும்? நகர எல்லையில் அவற்றுக்கென்று நிறுத்துமிடம் ஒதுக்கினால்தானே நிற்க முடியும்! சாலையோரத்தில் வரிசையாக நிற்கின்றன. அந்த ஓரம்தான் சைக்கிளின் பாதை. அது அடைபட்டதும் சைக்கிள்காரர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். ஓட்டுநருக்கும் இது தண்டனைதான். கழிப்பறை இல்லாமல், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் மணிக்கணக்கில் காத்திருந்துவிட்டு, டிரிப் கணக்கில் கூலி வாங்கும் அவர், தொலைத்த நேரத்தை வேகத்தில் மீட்கப் பார்க்கிறார்.

மூன்றாவது, விலக்கு. கோந்த்வா, உண்ட்ரி, பிசோலியில் குடியிருப்புகள் வளர்ந்த வேகத்துக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை. உண்ட்ரி 2017இலும் பிசோலி 2021இலும்தான் மாநகராட்சி எல்லைக்குள் வந்தன. இன்றும் பல வளாகங்கள் டேங்கர் தண்ணீரை நம்பி வாழ்கின்றன. தண்ணீர் அத்தியாவசியம் என்பதால் டேங்கரைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. கான்கிரீட் மிக்ஸரின் சிக்கல் வேறு: கலந்து சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், எல்லையில் காத்திருக்க முடியாது. இரவில் வேலை செய்யலாம் என்றால், பத்து மணிக்கு மேல் ஒலிக்கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது. ஆக, வெளியூர் லாரி தடுக்கப்படுகிறது. தெருவுக்குத் தெரு நுழையும் டேங்கரும் மிக்ஸரும் டம்பரும் ஏதோ ஒரு வழியில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சைக்கிளுக்கு மிக அருகில் வருபவை இவைதான்.

நான்காவது, மாற்றுவழி. மகாராஷ்டிர மாநில சாலை மேம்பாட்டுக் கழகம் புனேயைச் சுற்றி சுமார் 170 கிலோமீட்டர் வட்டச்சாலை ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறது. அது முழுதாகத் திறக்கும்வரை, கோந்த்வாவில் தடுக்கும் லாரி பக்கத்துப் பேட்டைக்குப் போகுமே தவிர ஊரைவிட்டுப் போகாது.

டப்ளினும் லண்டனும்

அயர்லாந்தின் டப்ளினில் 2007 பிப்ரவரி முதல், ஐந்தும் அதற்கு மேலும் அச்சுகள் கொண்ட லாரிகள் காலை 7 முதல் மாலை 7 வரை நகர மையத்துக்குள் வரத் தடை. உள்ளே சரக்கு இறக்கியே தீர வேண்டியவை அனுமதிச் சீட்டு வாங்கலாம். ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டு போடாமல் பகல் முழுவதையும் தடையில் சேர்த்தார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம், இரண்டு மாதம் முன்பு, 2006 டிசம்பரில், துறைமுகத்தை நெடுஞ்சாலையோடு இணைக்கும் சுரங்கச்சாலை திறக்கப்பட்டிருந்தது. முதலில் வழி, பிறகு தடை.

லண்டன் வேறு பாதையில் போனது. 2015 முதல் 2017 வரை அங்கே சைக்கிள்காரர்கள் இறந்த மோதல்களில் 63 விழுக்காட்டில் கனரக லாரிகள் தொடர்புபட்டிருந்தன. சாலையில் ஓடிய மொத்தத் தூரத்தில் அவற்றின் பங்கோ 4 விழுக்காடு. நெரிசல் வேளைத் தடை கேட்டுக் குரல்கள் எழுந்தும், நகர நிர்வாகம் லாரியின் உடம்பை மாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2015 செப்டம்பர் முதல் பக்கவாட்டுத் தடுப்பும் கூடுதல் கண்ணாடிகளும் கட்டாயம். 2021 மார்ச் முதல், ஓட்டுநரால் வெளியே எவ்வளவு நேரடியாகப் பார்க்க முடிகிறது என்று அளந்து லாரிக்கு நட்சத்திரத் தரம்; தரம் குறைந்தவை கூடுதல் பாதுகாப்புக் கருவி பொருத்தினால்தான் ஊருக்குள் வரலாம். இந்த விதி நாள் முழுவதும் பொருந்தும். விடியற்காலை ஐந்து மணி சைக்கிள்காரருக்கும் அது காவல்.

பக்கவாட்டுத் தடுப்பு நம் மோட்டார் வாகன விதிகளிலும் இருக்கிறது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே ஆள் விழுந்துவிடாமல் தடுக்கும் அந்த இரும்புச் சட்டம் வளைந்தோ கழன்றோ தொங்கும் டேங்கர்களைத் தெருவில் நின்றாலே பார்க்கலாம். விதி இருக்கிறது, சோதனை போதவில்லை.

என்ன செய்யலாம்

தடையை எடுக்கக் கூடாது, திருத்த வேண்டும். நேரத்தை முடிவு செய்யும் முன் கடி மெஷின் சௌக், ஜோதி சௌக், லுல்லாநகர் ஆகிய இடங்களில் எந்த மணியில் எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ண வேண்டும். விடியற்காலைப் பணிமாற்ற வேளையையும் இரவு திரும்பும் வேளையையும் தடைக்குள் கொண்டுவர வேண்டும். எங்கும் நேரத்தை நீட்ட முடியாவிட்டால், அந்த மணிகளில் லாரிக்கு வேக வரம்பாவது வேண்டும். எல்லையில் கழிப்பறையும் உணவும் உள்ள நிறுத்துமிடம் அமைக்காமல் தடை அறிவிக்கக் கூடாது.

டேங்கருக்கும் மிக்ஸருக்கும் விலக்கு தருவதென்றால் நிபந்தனையோடு தர வேண்டும்: பக்கவாட்டுத் தடுப்பு, இடப்பக்கக் கேமரா, உடன் ஒரு கிளீனர். கட்டட அனுமதி தரும்போதே சரக்கு வரும் வழியையும் நேரத்தையும் மாநகராட்சி எழுதி வாங்கலாம். டேங்கர் வாங்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. நம் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வண்டியில் தடுப்பு இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்து, இல்லாததைத் திருப்பி அனுப்ப எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒருகாலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் புனே. 2017இல் விரிவான சைக்கிள் திட்டம் ஒன்றையும் மாநகராட்சி வகுத்தது. அந்தத் திட்டம் காகிதத்தைத் தாண்டி கோந்த்வா வரை வர வேண்டுமானால், லாரித் தடையைப் போக்குவரத்து சீராக ஓடுவதற்கான ஏற்பாடாகப் பார்ப்பதை நிறுத்தி, உயிர்காக்கும் ஏற்பாடாக வகுக்க வேண்டும். நேரத்தடை நல்ல தொடக்கம். அதுவே முடிவு என்று நின்றுவிட்டால் குற்றம் நம்முடையது.