ஏ.ஆர். புத்தகத்தில் ஏறும் பெயர்

மருத்துவர்களுக்காக எழுதப்படும் சட்டக் கையேடுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது: மருத்துவர் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது? கையெழுத்து வாங்குங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள், ஏ.ஆர். புத்தகத்தில் பதியுங்கள், போலீசுக்குத் தகவல் அனுப்பி ஒப்புகை பெறுங்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் மருத்துவர் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அவ்வளவாக அஞ்ச வேண்டாம் என்று சட்டம் ஒரு பங்கீடு செய்து வைத்திருக்கிறது. அந்தப் பங்கீட்டில் பெண் எங்கே நிற்கிறாள் என்பதே என் கேள்வி. கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவால் நோயாளி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவருக்குப் பல காப்புகளைக் கொடுத்தது. சாதாரணப் பிழைக்குக் குற்ற வழக்கு கூடாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். நடவடிக்கைக்கு முன் வேறொரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் பெற வேண்டும். எடுத்த எடுப்பில் கைது கூடாது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது; சிகிச்சை அளித்த பதிவு பெற்ற மருத்துவர் என்றால் இரண்டாண்டுதான் உச்சம். இந்தக் காப்புகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் டாக்டரை ஜெயிலில் போட்டால் ஆபத்தான பிரசவத்தைக் கையில் எடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

அதே மருத்துவர் முன்னால் பதினெட்டு நிறையாத ஒரு கர்ப்பிணி வந்து உட்கார்ந்தால் காப்பு எதுவும் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இங்கே வேறொரு மருத்துவரின் கருத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் கருத்தையும் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அத்தனை உயிர்களைக் குடித்த பிறகு, ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலையில் சிறு வயதிலேயே பெண்ணைக் கட்டிக்கொடுப்பது இன்னும் ஓய்ந்துவிடவில்லை.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். உறவுப் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம். "பத்தொம்பதுன்னு சொல்லு" என்று மாமியார் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வருகிறார். நர்ஸம்மா ஆதார் கேட்கிறார். பிக்மி எண் போட்டாக வேண்டும். அது இல்லாமல் நாளைக்குப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். ஆதாரில் வயது தெரிந்துவிடுகிறது. தாலி இருக்கிறதே என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்ச்சிதான் என்று 2017 அக்டோபர் 11இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டாக்டருக்கு மூன்று வழி. தகவல் சொல்லலாம், பையன் சிறைக்குப் போவான், பெண் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்பாள், வீட்டின் வசவு முழுவதும் அவள் தலையில் விழும். வயதை மாற்றி எழுதலாம். பிடிபட்டால் தொழிலே போகும். மூன்றாவதாக, "இங்க வசதி இல்லம்மா, கள்ளக்குறிச்சிக்குப் போயிடுங்க" என்று சீட்டு எழுதலாம். இதுதான் ஆக மரியாதையான வழி. எந்தச் சட்டத்தின் கண்ணுக்கும் படாத கைகழுவல். கீழே கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும்போது அந்தக் குடும்பம் கள்ளக்குறிச்சிக்கு டிக்கெட் எடுக்குமா, மருந்துக்கடையில் மாத்திரை கேட்குமா, இல்லை மறுபடி மலையேறி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யுமா? ரத்தசோகை உள்ள பதினேழு வயது உடம்புக்கு வீட்டுப் பிரசவம் என்றால் என்ன என்று டாக்டருக்குத் தெரியும். அவருடைய ஆபத்து அப்படியே அவள் உடம்புக்குக் கைமாறிவிட்டது.

குழந்தைத் திருமணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சித்தப்பனோ வாத்தியாரோ கெடுத்த பெண்ணுக்கு அந்தத் தகவல் சொல்லும் கடமைதான் ஒரே துணையாக இருக்கும். என் சண்டை, இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கும் உரிமையை அந்தப் பெண்ணின் வாயிலிருந்து எடுத்துவிட்டதோடுதான்.

2022 செப்டம்பர் 29 தீர்ப்பை நாம் கொண்டாடினோம். மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்ற தீர்ப்பு. அதற்குள்ளேயே இன்னொரு வழியும் திறந்தது: பதினெட்டு நிறையாத பெண் சம்மதத்தோடு கொண்ட உறவில் கருவுற்றுக் கலைக்க வந்தால், அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் பெயரை வற்புறுத்தக் கூடாது என்றது. நல்லது. ஆனால் மறுபடி வாசித்துப் பாருங்கள். விலக்கு, கருவைக் கலைப்பதற்கு மட்டும். பெற்றுக்கொள்ள விரும்பும் நம் மலைப் பெண்ணுக்கு, ரத்தப் பரிசோதனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் வருபவளுக்கு, அந்த வழி இல்லை. கலைக்க வருபவளும் காப்பாளர் உடன் வந்தால்தான் பெயரை மறைக்க முடியும். காப்பாளரிடம்தான் அவள் மறைக்க வேண்டியிருக்கிறது என்றால்?

அப்படியானால் மருத்துவர் மீதான சட்டங்களையெல்லாம் தளர்த்த வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். இல்லை. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தில் ஃபார்ம் எஃப் சரியாக நிரப்பாததும் குற்றம். எழுத்துப் பிழைக்கெல்லாம் சிறையா என்று மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபாக்சி உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மே மாதம் தோற்றது. நான் நீதிமன்றத்தின் பக்கம். அந்தப் படிவத்தை விட்டால் ஸ்கேன் அறைக்குள் நடந்ததற்கு வேறு தடயம் கிடையாது. அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவையும் கவனியுங்கள்: பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றே அது அனுமானிக்கிறது. வீட்டுக்குள் அவள் நிலை என்ன என்று தெரிந்துகொண்டு எழுதிய சட்டம். மருத்துவரை அச்சுறுத்தும்போது அந்த அச்சம் அவள் மேல் இறங்காதபடி பார்த்துக்கொள்கிறது. போக்சோவின் 19ஆம் பிரிவுக்கு அந்த அக்கறை இல்லை.

இனி மருத்துவ கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கை. இன்றும் நடப்பில் இருப்பது 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. பழைய விதிகளில் 7.16 என்று ஒன்று இருக்கிறது: மலட்டுத்தன்மை ஏற்படுத்தக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் பதினெட்டு நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். ஆனால் டாக்டர் தன் பதிவு எண்ணுக்கு அஞ்சுபவர். எதற்கும் இருக்கட்டும் என்று கணவனின் கையெழுத்தையும் கேட்பவர்களை நமக்குத் தெரியாதா? மூன்று பிள்ளை பெற்றுக் களைத்தவள் கையெழுத்துப் போடக் கணவன் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

இதே ஒழுங்கு நடவடிக்கை பெண்ணின் பக்கம் நிற்க வேண்டிய இடமும் உண்டு. வன்புணர்ச்சிக்கு ஆளானவர்களிடம் செய்யப்பட்ட இரு விரல் சோதனையைத் தடை செய்யும்படி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராவார் என்று அதே ஆண்டு அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, யார் புகார் கொடுப்பது? தன் உடம்பில் செய்யப்பட்டதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதே மலையிலிருந்து இறங்கி வந்தவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பிறகு சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத வேண்டும். கவுன்சில் புகாரைத் தள்ளிவிட்டால்? 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 30ஆம் பிரிவில், மேல்முறையீட்டு உரிமையை மருத்துவருக்குக் கொடுக்கிறது. நோயாளியைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. நோயாளிகள் அனுப்பிய மேல்முறையீடுகளை ஆணையம் இந்தக் காரணம் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் எந்த ஸ்கேன் மையத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் பலகை இருக்கும்: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது சட்டப்படி குற்றம். உள்ளூர் மொழியில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. அது நோயாளிக்கு எச்சரிக்கை, மருத்துவருக்கும் எச்சரிக்கை. கேட்டால் உன் பெயரைப் போலீசுக்குச் சொல்லாமல் விட மருத்துவருக்கு உரிமை உண்டு என்று பதினேழு வயதுக்காரிக்குத் தமிழில் சொல்லும் பலகையை மாட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை.