காலியான பட்டியல்

விண்வெளி விளையாட்டு என்றதும் நம் மனக்கண்முன் எழுவது எது? கரிய வானம், மின்னும் விண்மீன்கள், அவற்றின் குறுக்கே பாயும் கலங்கள். ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் கணிப்பொறி விளையாட்டின் விளம்பரப் படங்களும் இதே காட்சியைத்தான் காட்டுகின்றன. ஆனால் அதில் பழகிய ஒருவர் ஆடும்போது அருகில் நின்று பாருங்கள். அவர் அந்த வானத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவருடைய கண்கள் திரையின் வலப்புறத்தில் உள்ள ஒரு பட்டியலையே மேய்ந்துகொண்டிருக்கும். தூரம், பெயர், வகை என்று வரிவரியாக எண்களும் எழுத்துகளும் நிறைந்த பட்டியல் அது. ஆட்டத்தில் அதற்கு ‘ஓவர்வியூ’ என்று பெயர். நாம் இங்கே பார்வைப் பட்டியல் என்போம். புதிதாக ஆட வருவோர் இப்பட்டியலை எப்படி அமைத்துக்கொள்வது என்பதும், அமைக்கும் பொறுப்பை அவர்கள் தலையிலேயே வைத்தது சரிதானா என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சில சொற்கள். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் உள்ள சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதத்தில் இதனை வெளியிட்டது. 7,000க்கும் மேற்பட்ட சூரிய மண்டலங்கள் கொண்ட ஒரே கற்பனை அண்டத்தில், பல நாட்டு ஆட்டக்காரர்கள் இணையத்தின் வழியே ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள். சுரங்கம் தோண்டலாம், வாணிகம் செய்யலாம், கொள்ளையும் அடிக்கலாம். 2016 நவம்பர் முதல் ஓரளவுக்குக் கட்டணமின்றியும் ஆட முடிகிறது. மற்ற விளையாட்டுகளில் இல்லாத ஒரு கடுமை இதில் உண்டு. அழிந்த கலம் அழிந்ததுதான். காப்பீடு விலையில் ஒரு பகுதியைத் தரும். அதைச் சம்பாதிக்கச் செலவிட்ட மாலைப் பொழுதுகளை யார் தருவார்? ஆகவே, திரையில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பது இங்கே அழகுப் பிரச்சினை அன்று.

பட்டியல் எதற்கு, கண்ணால் பார்த்தே ஓட்டலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டர் நீளமுள்ள கலம் 50 கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அது நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஆயிரத்தில் ஒரு ரேடியன், அதாவது 0.057 பாகை. திரை 1,920 புள்ளிகள் அகலமுடையது, அது 90 பாகைக் காட்சியைக் காட்டுகிறது என்று கொண்டால், ஒரு புள்ளியின் பங்கு 0.047 பாகை. ஆகவே நம்மைக் கொல்ல வரும் கலம் திரையில் ஏறக்குறைய ஒரே ஒரு புள்ளி! விண்வெளியின் அளவுகளை உண்மைக்கு அருகில் வைத்தால் ஓவியம் தோற்றுப்போகும், அட்டவணைதான் வெல்லும். இந்த ஆட்டத்தை ‘விண்வெளிக் கணக்கேடு’ என்று கேலி செய்வது பழைய வழக்கம். நிறுவனமும் அக்கேலியை ஏற்றுக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் எக்செல்லுடன் ஆட்டத்தை இணைக்கப்போவதாக 2022இல் அறிவித்தது. நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகம் 2012இல் தன் வடிவமைப்புத் தொகுப்பில் சேர்த்த 14 கணிப்பொறி விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. அந்தப் பெருமையில் ஒரு பங்கு இப்பட்டியலுக்கும் உரியது என்பது என் கருத்து.

இனி அமைப்பைப் பார்ப்போம். எந்தெந்த வகைப் பொருள்கள் பட்டியலில் வர வேண்டும், எந்த நிலையில் உள்ள ஆட்டக்காரர்கள் வர வேண்டும், எந்த நிரல்கள் வேண்டும், யாருக்கு எந்த நிறம் — எல்லாவற்றையும் ஆடுபவரே தீர்மானிக்கலாம். வேலைக்கு ஒன்றாகப் பல தாவல்களை வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி தேவையானதே. ஜிட்டா என்னும் பெரும் சந்தை மண்டலத்தில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், ஒரே கணத்தில் கலங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டியலை நிறைக்கும். வடிகட்டாமல் அதைப் படிக்க முடியாது. வடிகட்டும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும். படைக்குழுவில் சண்டையிடுபவர் தம் தோழர்களைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுவார். தவறுதலாகச் சுட்டுவிடக் கூடாது அல்லவா? அதே குழுவில் பழுதடைந்த தோழர்களின் கலங்களைச் செப்பனிடுபவருக்கோ தோழர்கள் மட்டுமே தெரிய வேண்டும். ஒரே போர்க்களத்தில் நேர் எதிரான இரு பட்டியல்கள். அனைவர்க்கும் பொதுவான ஓர் அமைப்பை நிறுவனம் ஏன் தரவில்லை என்பதற்கு இதுவே விடை. இதில் குறை காண்பதற்கில்லை.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பட்டியல் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் என்ன? அருகில் யாருமே இல்லை என்பது ஒரு பொருள். பகைவன் மறைப்புக் கருவியை இயக்கிப் பதுங்கியிருக்கிறான் என்பது இரண்டாவது. மூன்றாவது பொருள்தான் கொடியது: பகைவன் கண்ணெதிரே நிற்கிறான், ஆனால் அவ்வகைக் கலத்தைக் காட்ட வேண்டாம் என்று நாமே என்றோ சொல்லிவைத்திருக்கிறோம். இம்மூன்று நிலைகளிலும் பட்டியல் ஒன்றுபோலவே தோன்றுகிறது. இரண்டாவது ஆட்டத்தின் விதி. அதைப் பட்டியல் சொல்லக் கூடாது. முதலாவதையும் மூன்றாவதையும் வேறுபடுத்திக் காட்டாததற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை.

இது எப்படி நேர்கிறது? ஒரு புதியவர் விண்கற்களைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒருவருடைய டெஸ்ட்ராயர் வகைக் கலம் அருகில் நின்று பட்டியலில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்துகிறார். பட்டியலிலிருந்து நீக்கு என்ற கட்டளை வருகிறது. நீக்குகிறார். நீங்கியது அந்த ஒரு கலம் என்பது அவர் எண்ணம். உண்மையில் நீங்கியது அந்த இனம் முழுவதும்! பாதுகாப்பு மிகுந்த மண்டலங்களில் தோண்டுவோரைத் தாக்கும் கொள்ளையர் விரும்பி எடுத்துவருவது எது தெரியுமா? ‘காட்டலிஸ்ட்’ என்னும் மலிவான டெஸ்ட்ராயர். அங்கே ‘கன்கார்ட்’ என்ற காவற்படை உண்டு. ஆனால் அது குற்றம் நடந்த பிறகு வந்து தண்டிக்கும் படையே தவிர, முன்கூட்டித் தடுக்கும் படை அன்று. புதியவர் தம் கலத்தை இழக்கிறார். எங்கிருந்து வந்தார்கள் என்பதே அவருக்கு விளங்குவதில்லை. தமக்கு ஆடத் தெரியவில்லை என்று முடிவுகட்டி விலகிப்போகிறார்.

ஒரு தவறான சொடுக்கு என்ன செய்யும் என்பதைப் பழகியவர்களும் பட்டறிந்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் அசக்காய் என்னும் மண்டலத்தில் ஒரு மாபெரும் கலத்தின் ஓட்டுநர், தம் படையை மட்டும் பகைவரிடையே அனுப்புவதற்குரிய கட்டளைக்குப் பதிலாக, தாமே பாய்வதற்குரிய கட்டளையைச் சொடுக்கிவிட்டார். தனியே போய்ச் சிக்கிய அக்கலத்தை மீட்கவும் அழிக்கவும் 2,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அந்தச் சண்டை பெரும் புகழ்பெற்றுவிட்டது. டெஸ்ட்ராயரை நீக்கிய புதியவரின் கதைக்கு அப்படிப் புகழ் கிடைப்பதில்லை.

கருவி காட்டுவதற்கும் உண்மை நிலைக்கும் இடையே உள்ள இடைவெளி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அங்கே ஓர் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கோ அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் நம்பினார்கள். ஆனால் அவ்விளக்கு காட்டியது வால்வின் நிலையை அன்று. மூடுவதற்கான மின் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே. உண்மை புலப்பட்டு வேறொரு வால்வை மூடுவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதற்கிடையில் நூற்றுக்கும் மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒருசேர இயங்கிக்கொண்டிருந்தன. தேவையில்லாதவை மிகுதி, தேவையானது மட்டும் இல்லை. அங்கே போனது கற்பனைக் கலம் அன்று, ஒரு மெய்யான உலை. ஆயினும் நோய் ஒன்றே. ‘இல்லை’ என்பதற்கும் ‘சொல்லவில்லை’ என்பதற்கும் வேறுபாடு தெரியாத கருவி அது.

பட்டியலின் அடியில் ‘மறைக்கப்பட்டவை: 4’ என்று ஒரு வரி போதும் என்பேன். பெயர் வேண்டாம், வகை வேண்டாம், எண் போதும். போர்க்களத்தில் கண்ணுக்குத் தொல்லையாகும் எனில், விரும்பியவர் அதை அணைத்துக்கொள்ளட்டும். புதியவருக்கு மட்டும் முதல் நாளிலேயே எரியட்டும்.

நிரல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரம், பெயர், வகை ஆகியவற்றோடு புதியவர் நின்றுவிடுகிறார். கோண வேகம் என்னும் நிரலை அமைப்புப் பெட்டிக்குள் போய்க் குறியிட்டுச் சேர்க்க வேண்டும். இரயிலில் போகும்போது அருகிலுள்ள தந்திக் கம்பங்கள் பறந்து மறைவதையும், தொலைவிலுள்ள குன்று மெல்ல நகர்வதையும் கண்டிருப்பீர்கள். கம்பத்தைக் கண்ணால் தொடர முடிவதில்லை. குன்றைத் தொடர முடிகிறது. பீரங்கியின் நிலையும் இதுவே. ஒரு கலம் நம்மைக் குறுக்கே நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தொலைவு 1 கிலோமீட்டர் எனில் கோண வேகம் நொடிக்கு 0.3 ரேடியன், ஒரு முழுச் சுற்று 21 நொடி. அதே கலம் 15 கிலோமீட்டருக்கு அப்பால் அதே வேகத்தில் சுற்றினால் 0.02 ரேடியன், ஒரு சுற்றுக்கு 5 நிமிடத்துக்கும் மேல். பெரிய பீரங்கி முதலாவதைத் தொடர்ந்து திரும்ப இயலாமல் வெற்றிடத்தைச் சுடும். இந்த ஒரு நிரல் தெரிந்தால், குண்டுகள் ஏன் தவறுகின்றன என்பது விளங்கிவிடும். பள்ளி இயற்பியலை இவ்வளவு சுவையாகப் புகட்டும் விளையாட்டுகள் மிகச் சில. ஆனால் பட்டியல் ரேடியனில் பேச, பீரங்கியின் குறிப்போ தனக்கென ஓர் அளவுகோலில் பேசுகிறது. இலக்கின் உருவளவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே இரண்டையும் ஒப்பிட முடியும். பாடம் பாதியில் நின்றுவிடுகிறது.

நிறங்களுக்கு வருவோம். படைக்குழுத் தோழருக்கு ஊதா, சொந்தச் சங்கத்தாருக்குப் பச்சை, போர்ப் பகைவருக்குச் சிவப்பு என்று அடையாளங்கள் உண்டு. ஒருவருக்கு இரண்டு தகுதிகள் இருந்தால் எந்த நிறம் தெரியும்? அமைப்புப் பட்டியலில் எந்த வரி மேலே உள்ளதோ அதன் நிறமே தெரியும். முன்பின் தெரியாத கொள்ளையன் ஒருவனைப் புதியவர் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார் எனில், குழு என்ற வரி மேலே இருக்கும்வரை அவன் ஊதாவாகவே தெரிவான். குழுவில் உள்ளவன் அம்மண்டலத்தில் நாம் எங்கிருந்தாலும் நம்மிடம் நேரே பாய்ந்து வரலாம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இடையே ஒரு வேடிக்கை. இப்பட்டியலின் வடிகட்டியைப் பயன்படுத்திக்கொள்ளும் துருவி ஒன்று உண்டு. திசை நோக்கித் தொலைவில் உள்ளவற்றைத் தேடும் கருவி அது. அதன் எல்லை 2,147,483,647 கிலோமீட்டர். ஏன் இந்த விசித்திர எண்? அது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 32 இருமக் கூறுகளில் கணிப்பொறி எழுதக்கூடிய மிகப் பெரிய குறியுடை முழு எண். வானியல் அலகில் 14.35. நம் சூரியனிலிருந்து அளந்தால் சனியைத் தாண்டி, யுரேனசுக்கு முன்னே நிற்கும் தூரம். ஒளியே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அத்தூரத்தை இக்கருவி நொடியில் துருவிவிடுகிறது. அண்டத்தின் எல்லையை இயற்கை வகுக்கவில்லை, கணிப்பொறியின் நினைவுக் கட்டம் வகுத்திருக்கிறது!

பழகிய ஆட்டக்காரர்கள் தாங்கள் செதுக்கிய பட்டியல் அமைப்புகளைக் கோப்பாக்கிப் பிறருக்கு இலவசமாகத் தருகிறார்கள். புதியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, அதில் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள் என்பதே. நல்ல உள்ளம்தான். ஆனால் பிறர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அவர் பார்க்க விரும்பியதுதான் தெரியும். சண்டைக்காரர் ஆக்கிய அமைப்பில் விண்கற்கள் இருக்காது. எதை ஏன் நீக்கினார் என்ற குறிப்பும் இருக்காது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியைத் திறந்து, குறியிடாத வகைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சொந்தமாக அமைப்போர் முதலில் செய்ய வேண்டியது தப்பியோடும் தாவல். சூரியன், கோள்கள், நிலையங்கள், விண்வாயில்கள் — இவை மட்டும். கலம் சிதறி, உயிர்ப்பேழையில் மிதக்கும் நொடியில் பாய்ந்து செல்ல ஒரு கோளின் பெயர் கண்ணில் பட வேண்டும். இரண்டாவது, ஆட்டக்காரர் ஓட்டும் கலங்கள் எல்லா இனத்தையும் விடாமல் காட்டும் தாவல். அதில் மட்டும் எதையும் நீக்குவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். பிறகு ஒரு நண்பரைப் பாதுகாப்பான நிலையத்துக்கு அழைத்து, அவரிடமுள்ள கலங்களில் ஒவ்வொன்றாக ஏறி வெளியே வந்து உங்கள் அருகில் நிற்கச் சொல்லுங்கள். வடிகட்டி நீக்கிய கலத்துக்குப் பட்டியலில் வரி இராது. ஆனால் அதன் உடல் வானத்தில் இருக்கும், அருகில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். வானத்தில் தெரிந்து பட்டியலில் தெரியாத கலம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை.